பெண்கள் வாசலும் அஞ்சு மணி பஸ்ஸும்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. தள்ளி உட்கார்ந்தால் நான் சத்தம் போட்டுப் பேச வேண்டியிருக்கும். போட வேண்டிய சத்தத்தையெல்லாம் வேலையில் இருந்த காலத்திலேயே போட்டு முடித்தாயிற்று. சினிமாத் தியேட்டரில் வாசல் பார்க்கிற வேலை என்றால் வேறொன்றும் இல்லை. ஊர் உள்ளே உட்கார்ந்து படத்தைப் பார்க்கும், நாம் வெளியே நின்று ஊரைப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தியேட்டரில் பெண்கள் பக்கத்து வாசல் எனக்கு. அப்போதெல்லாம் ஆண்களுக்குத் தனிப் பக்கம், பெண்களுக்குத் தனிப் பக்கம், நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். டிக்கெட்டைக் கிழிக்கணும், பெஞ்சுக்கு அடிபிடி வந்தால் விலக்கிவிடணும், வீறிட்டு அழுகிற பிள்ளையைத் தாயோடு வெளியே அழைத்து வரணும். என் பெயர் அருளாயி. அது யாருக்கும் தெரியாது. கேட்டில் நின்றதால் எல்லாருக்கும் நான் ‘கேட்டக்கா’. இப்போது ராஜபாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். காய்கறி வாங்கப் போன இடத்தில் யாராவது ‘கேட்டக்கா’ என்று கூப்பிட்டால், இன்றைக்கும் என் கை டிக்கெட் வாங்கத் தானாக நீளும்.

எனக்கும் படத்துக்கும் நடுவே ஒரு கறுப்புத் திரை தொங்கும். வெளி வெளிச்சம் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. அதனால் ஒரு படத்தையும் நான் பார்த்ததில்லை, எல்லாப் படத்தையும் கேட்டிருக்கிறேன். எந்தப் பாட்டுக்குப் பெண்கள் கூடச் சேர்ந்து பாடுவார்கள், எந்தப் பாட்டுக்கு மூக்கைச் சிந்துவார்கள், எந்தப் பாட்டு வந்தால் கக்கூஸுக்கு எழுந்து வருவார்கள் என்று மூன்றும் எனக்கு அத்துப்படி.

பஸ்ஸுக்காகக் கடைசிக் காட்சியை விட்டுவிட்டு எழுந்து ஓடினவர்கள் உங்களில் இருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான். கார் வைத்திருந்தவர்களுக்கு இந்த வலி புரியாது.

செத்தது யார்

வத்திராயிருப்புப் போகிற வழியில் இருக்கிற கான்சாபுரத்தில் இருந்து பொன்னுத்தாய் என்று ஒருத்தி வருவாள். மெலிந்த உடம்பு, கூர்மையான நாக்கு. படம் மாறினால் முதல் ஆளாக மத்தியான ஆட்டத்துக்கு வந்து நிற்பாள். ஆட்டம் முடிய ஐந்தரை ஆகிவிடும். அவள் ஊருக்குப் போகிற பஸ்ஸோ ஐந்து மணிக்கு. அதை விட்டால் அடுத்த பஸ் இருட்டின பிறகுதான். வீட்டில் மாடு கத்தும், மாமியார் அதைவிடச் சத்தமாகக் கத்துவாள். அதனால் ஐந்து மணி நெருங்கினதும் வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண்கள் மொத்தமும் எழுந்து ஓடும். பொன்னுத்தாய் மட்டும் கடைசியில், திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வந்து என் மேல் முட்டுவாள்.

அவள் பாடு சாதாரணப் பாடு இல்லை. வயலில் களை எடுக்கும்போது படத்துக் கதையை அவள்தான் சொல்வாள். பாட்டையெல்லாம் பாடியே காட்டுவாள். ஒரு வரிசைப் பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு களைக்குப் பதில் பயிரைப் பிடுங்குவார்கள். ஆனால் கதைக்கு முடிவு இருக்காது. அவளுடைய நாத்தனார் செல்லக்கனி ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் வரப்பில் நின்றுகொண்டு முடிவைச் சொல்லிவிட்டு, “முடிவு தெரியாதவ எதுக்குட்டி கத சொல்லுதா?” என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். பொன்னுத்தாய்க்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். ஒரே ஒரு படத்தின் முடிவைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முதலில் அவள் பிடித்தது என்னைத்தான். “யக்கா, நீ கேட்டுச் சொல்லு” என்றாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். துப்பாக்கி வெடித்தது. ஒரு பெண்பிள்ளை அலறினாள். பிறகு சத்தமே இல்லை. பிறகு வயலின் இழு இழு என்று இழுத்தது. கதாநாயகன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொல்லி அனுப்பினேன். கான்சாபுரம் வயலில் அன்றைக்கு வேலையே ஓடவில்லையாம், அம்புட்டு அழுகையாம். அடுத்த வாரம் செல்லக்கனி வந்து உண்மையைச் சொல்லிவிட்டாள். வெடிபட்டது வில்லனாம். வயலின் இழுத்தது கதாநாயகன் தொலைந்துபோன தாயைக் கண்ட சந்தோசத்துக்காம். பொன்னுத்தாய் நேரே என் கேட்டுக்கு வந்தாள். “ஏக்கா, ஒரு ஊரே மூக்கச் சிந்தியிருக்கு. அந்தாளு கல்யாணம் முடிச்சு நல்லா இருக்கானாம்ல. இனிமே ஆரு செத்தாலும் மொகத்தப் பாத்துட்டுச் சொல்லு.”

செத்த பிறகு காப்பி

எங்கள் ஆட்டம் ஐந்து மணிக்குள் ஏன் முடியாது என்று கேட்பீர்கள். ராஜபாளையத்துக்கும் எங்களுக்கும் சேர்த்துப் படம் ஒரே பெட்டிதான். அங்கே ஒரு ரீல் ஓடி முடிந்ததும் அதைச் சுற்றித் தகர டப்பாவில் போட்டு, மோட்டார் சைக்கிளில் ஒருத்தன் எங்களுக்குக் கொண்டுவருவான். அதனால் அங்கே முதலில் ஆரம்பிப்பார்கள், நாங்கள் பிந்தி ஆரம்பிப்போம். செல்லக்கனி முடிவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது, அந்த முடிவு மோட்டார் சைக்கிளில் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் வழியில் மழை. டப்பாக்கள் இடம் மாறிவிட்டன. எங்கள் ஆபரேட்டர் ராமையா அவசரத்தில் கையில் கிடைத்த ரீலை மாட்டிவிட்டார். கதாநாயகியின் அப்பா செத்து, சங்கு ஊதி, பெண்கள் பக்கமே ஒப்பாரி வைத்து முடித்திருந்தது. அடுத்த ரீலில் அதே அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று மகளைச் சத்தம் போடுகிறார். உள்ளே ஒரே சலசலப்பு. நான் திரையை விலக்கித் தலையை நீட்டி, என்ன ஏது என்று கேட்டேன். முன்பெஞ்சில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: “ஒண்ணுமில்ல தாயி, செத்த பொறவும் அந்த மனுசனால காப்பி குடிக்காம இருக்க முடியல.”

எச்சிலுக்குச் சாட்சி

ஆடிப்பூரத்தன்று எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேரைப் பார்த்துவிட்டுச் சனம் மொத்தமும் வெயிலுக்குத் தியேட்டருக்குள் வந்துவிடும். வருகிற பிள்ளை ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பீப்பி. கதாநாயகி தாலியைக் கழற்றிக் கொடுக்கிற இடத்தில் ஒரு பிள்ளை பீ என்று ஊதினால் எப்படி இருக்கும்? மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஒரு பீப்பியும் உள்ளே போகக் கூடாது என்றுவிட்டார்.

கேட்டில் கூடையை வைத்து எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். கூடை நிறைந்தது. படம் நிம்மதியாக ஓடியது. மேனேஜர்கூட வந்து பாராட்டிவிட்டுப் போனார். வம்பு வந்தது படம் விட்ட பிறகுதான். எல்லாம் ஒரே பச்சை, ஒரே சிவப்பு. எது யாருடையது? பிள்ளைகள் ஒவ்வொன்றையும் எடுத்து ஊதிப் பார்த்தன. ஊதினது தன்னுடையது இல்லை என்று திரும்பப் போட்டு, அடுத்ததை எடுத்தன. தேருக்கு வடம் பிடித்தபோதுகூட அந்தச் சத்தம் இல்லை. ஆலங்குளத்துப் பக்கத்து அம்மா ஒருத்தி மட்டும் பிள்ளையை ஊதவிடாமல், கூடைக்குள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து மோந்து மோந்து வைத்தாள். நான் ஒன்றைக் கொடுத்து, இதை வைத்துக்கொள் என்றேன். அதையும் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “இது வேண்டாம்க்கா, இது எம்பிள்ள எச்சி இல்ல.”

தேடி வந்த இருவர்

நான் கோயிலுக்குப் போகிறவள், அதாவது மாதா கோயிலுக்கு. எங்கள் ஆட்களில் அப்போது சிலருக்குச் சினிமா என்றால் ஆகாது. ஆகாதவர்களிலும் முதல் ஆள் ரோசம்மா. இரண்டாவது ஆள் அவளுடைய அடுத்த வீட்டு மரியபுஷ்பம். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நின்று, சினிமா பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசினால் கேட்கிற நமக்கே நடுக்கம் வரும்.

ஒரு நல்ல அழுகைப் படம் வந்தது. முக்காடு போட்டுக்கொண்டு ரோசம்மா வந்தாள். டிக்கெட்டை நீட்டினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. செத்த நேரம் கழித்து இன்னொரு முக்காடு. அதுவும் என்னைப் பார்க்கவில்லை. இருட்டில் இருந்த காலி இடத்தில் நான்தான் உட்கார வைத்தேன். இடைவேளை வந்து விளக்கு எரிந்தபோது இரண்டு முக்காடும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. இருவர் கையிலும் நனைந்த கைக்குட்டை.

“ஒன்னத் தேடித்தான் வந்தேன்” என்றாள் ரோசம்மா. “நானும் ஒன்னத் தேடித்தான் வந்தேன்” என்றாள் மரியபுஷ்பம். பிறகு இரண்டு பேரும் நகரவில்லை. மணி அடித்தது, விளக்கு அணைந்தது. இருட்டுக்குள் இருந்து ரோசம்மா குரல் மட்டும் கேட்டது. “தேடினவதான் கெடச்சிட்டாளே, பொறவு ஏன் உக்காந்திருக்க?” அதற்கு மரியபுஷ்பம், “நீ எப்ப எந்திரிக்கன்னு காவல் இருக்கேன், பேசாம படத்தப் பாரு.”

பாட்டில்லாத பிள்ளை

பொன்னுத்தாயை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவள் அடுத்துப் பிடித்தது ஆபரேட்டர் ராமையாவை. வத்திராயிருப்பு மாம்பழம் ஒரு கூடை, வாசமே மேல்மாடிவரை போயிற்று. கூடையை ஆபரேட்டர் ரூம் படியில் வைத்துவிட்டு நியாயமாகப் பேசினாள். “அண்ணாச்சி, பாட்டெல்லாம் நாங்க கல்யாண வீட்டு ரேடியோ செட்டுல கேட்டுக்கிடுதோம். ஒரு ஆறேழு பாட்டத் தூக்கிட்டியன்னா படம் அஞ்சுக்குள்ள முடிஞ்சிரும்.” ராமையா ஒரு பழத்தை முகர்ந்தார். அதோடு பாட்டின் ஆயுசு முடிந்தது.

ஆனால் அவர் முதலில் தூக்கின பாட்டு எப்படிப்பட்ட பாட்டு என்று பாருங்கள். கதாநாயகனும் கதாநாயகியும் கிணற்றடியில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அங்கே ஒரு பாட்டு. அந்தப் பாட்டுக்குள்ளேதான் காதல், நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு எல்லாம் நடக்கும். அதைத் தூக்கினதும் என்ன ஆயிற்று? கிணற்றடியில் பார்த்தார்கள், அடுத்த நொடி தொட்டில் ஆடுகிறது. ஆண்கள் பக்கம் விசில், பெஞ்சு உடைகிற சத்தம். மேனேஜர் மேல்மாடிக்கு ஓடினார். படத்தை நிறுத்தி, பாட்டைத் திரும்ப ஒட்டிப் போடவே அரைமணி போயிற்று. பஸ் நேரத்துக்குப் பொன்னுத்தாய் வழக்கத்தைவிட இன்னும் முன்னாலேயே கதையை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அவளோடு எழுந்து வந்த ஒரு மாமி அவளிடம் கேட்டாள்: “ஏட்டி, கெணத்துல தண்ணி எறைக்கக்கூட நேரமில்ல, அதுக்குள்ள பிள்ளையா?”

நீளமான பேர்

பிறகு வந்தது அந்த அக்கா தங்கச்சிப் படம். சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் கை விட்டுப் பிரிந்த இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் தாய் பாடின ஒரே தாலாட்டு ஞாபகம். கடைசியில் சேருகிறார்களா இல்லையா என்பதுதான் கதை. பொன்னுத்தாய் ஒருதரம் வந்து, வழக்கம்போலப் பாதியில் ஓடி, வயலில் நின்று “சேந்துருவாக” என்று சொல்லிவிட்டாள். அதே வயலுக்குச் செல்லக்கனி வந்து “தங்கச்சி செத்துருவா, நான் பாத்தேன்” என்றாள். பொன்னுத்தாய்க்கு ரோசம் வந்துவிட்டது. “முடிவ என் கண்ணால பாத்துட்டு வாரேன். பாக்காம வந்தா இனி களை எடுக்கையில வாயத் தெறக்கல” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். கதை சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அது கான்சாபுரத்துக்கே தெரியும்.

ஐந்து மணி பஸ்ஸை ஓட்டினவர் வேலுச்சாமி டிரைவர். தேர்கூட முட்டுக்கட்டை போட்டால் நிற்கும், அவர் பஸ் ஒருத்தருக்கும் நிற்காது. அவர் வீடு வத்திராயிருப்பில். சம்சாரம் கோமதி பாவம், கல்யாணம் ஆனதில் இருந்து தியேட்டர் படி மிதித்தவள் இல்லை. பொன்னுத்தாய் நேரே அவள் வீட்டுக்குப் போய், “வாங்க மதினி, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று அழைத்து, அதே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டாள். வேலுச்சாமியும் “அஞ்சு மணிக்கு வந்து ஏறிக்கோ” என்று சந்தோசமாகத்தான் இறக்கிவிட்டிருக்கிறார். உள்ளே வந்ததும் பொன்னுத்தாய் கோமதியைச் சுவரோரம் கடைசியில் உட்கார வைத்தாள். எழுந்து வர வேண்டுமென்றால் ஒரு பெஞ்சுப் பெண்களின் முழங்காலைத் தாண்ட வேண்டும்.

ஐந்து மணி ஆயிற்று. உள்ளே ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. செத்த நேரத்தில் தியேட்டர் வாசலில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. வேலுச்சாமி காக்கிச் சட்டையோடு இறங்கி என் கேட்டுக்கு வந்தார். ஆம்பளைகளைப் பெண்கள் பக்கம் விட முடியாது என்றேன். மேனேஜரிடம் போனார். ஆபத்து அவசரத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டில் எழுதித் திரையில் காட்டுவார்கள் அல்லவா? ‘வத்திராயிருப்பு டிரைவர் சம்சாரம் உடனே வெளியே வரவும்’ என்று எழுதிப் போட்டார்கள். கோமதிக்குப் படிக்கத் தெரியாது. “என்ன எழுதியிருக்காக?” என்று பொன்னுத்தாயிடம் கேட்டாள். “அடுத்த வாரம் வாற படம், மதினி” என்றாள் இவள். படிக்கத் தெரிந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். எல்லாருக்கும் அதே பஸ்தான், எல்லாருக்கும் அதே முடிவுதான் வேண்டும். ஒருத்தி வாயைத் திறக்கணுமே. கோமதி மட்டும் திரையையே பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: “படத்துக்கு எம்புட்டு நீளமான பேரு.”

பஸ் பிந்தியதற்கு நியாயம்

கடைசியில், “நீங்களாவது போய்க் கூட்டியாங்க” என்று டிரைவர் என்னிடம் கெஞ்சினார். திரையை விலக்கி உள்ளே போனேன். பொன்னுத்தாய் என் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சு நுனியில் உட்கார வைத்துவிட்டாள். “உக்காருக்கா. ஒருவாட்டியாவது மொகத்தப் பாரு” என்றாள். ஒரு நிமிசம் என்றுதான் உட்கார்ந்தேன். படத்தில் அக்கா பாட ஆரம்பித்திருந்தாள். தங்கச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிக் கிடக்கிறாள். செல்லக்கனி சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். பொன்னுத்தாய் என் மணிக்கட்டை நெரித்த நெரிப்பில் வளையல் இரண்டு உடைந்தது. அப்புறம் தங்கச்சியின் உதடு அசைந்தது. தாலாட்டின் அடுத்த வரியை அவள் பாடினாள். செல்லக்கனி சொன்னது வெறும் வம்பு. பெண்கள் பக்கம் மொத்தமும் ஓவென்று அழுதது. நானும் அழுதேன். கேட்டில் ஆள் இல்லை என்பது அப்போது ஞாபகமே இல்லை.

விளக்குப் போட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தால் வேலுச்சாமி நிற்கிறார். சம்சாரம் எங்கே இருக்கிறாள் என்று எட்டிப் பார்க்க வந்தவர் அப்படியே நின்றிருக்கிறார். அவர் பின்னால் பஸ்ஸில் இருந்த ஆம்பளைகள் பாதிப்பேர், அவர்களுக்குப் பின்னால் கண்டக்டர். டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கோமதி அவரைப் பார்த்து, “ஏங்க, நீங்க பஸ்ஸுல இல்லையா?” என்றாள். அவர் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

பொன்னுத்தாயைத் தேடினேன், ஆளைக் காணோம். எல்லாரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் என் கேட்டு வழியாக ஓடிப்போய், பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் சன்னலோர சீட்டைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வேலுச்சாமி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பின்னால் இருந்து கேட்டாள்: “ஏண்ணே, மணி என்ன ஆச்சு, வீட்டுல மாடு கத்தாதா? நீங்க இப்பிடிப் படம் பாத்துட்டு நின்னா ஒங்க பஸ்ஸ நம்பி நாங்க எப்பிடி ஏறுறது?”

பஸ்ஸை நிறுத்தி வைத்தவளே பஸ் பிந்தினதற்குக் கான்சாபுரம்வரை நியாயம் கேட்டுக்கொண்டு போனாள், அவரும் அவள் இறங்குகிறவரைக்கும் “தப்புத்தான் தாயி” என்றே சொல்லிக்கொண்டு போனாராம்.